இடது தோளுக்கு ஒன்று

"எதுக்கெல்லாம் வேணும்?" என்றார் வெல்டன் பர்சல்,
கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து.
"ஒரே வேலைக்கு" என்றேன். "வான்கோழிக்கு.
ஏப்ரலில் மூன்று வாரம். மிச்ச நாளெல்லாம்
அலமாரியில் தூங்கட்டும்."

அவர் எடுத்து வைத்தது
வாத்துக்கும் மானுக்கும் ராத்திரி வரும் களவாணிக்கும்
சேர்த்தே செய்தது.
பன்னிரண்டு கேஜ், ஐந்து தோட்டா,
கல்யாணக் கார் மாதிரி பளபளப்பு.

தூக்கிப் பார்த்தேன். துப்பாக்கியில் தப்பில்லை.
தப்பு என் வலது கண்ணில்.
போன அக்டோபரிலிருந்து அதன் நட்ட நடுவில்
நனைந்த தபால்தலை அளவுக்கு ஒரு கறை.
இடதை மூடினால் யாருக்கும் மூக்கு இல்லை.
வெல்டனுக்கும்தான். நான் சொல்லவில்லை.

முப்பது வருஷம் வலது தோள் வாங்கிய உதையை
இனி இடது வாங்க வேண்டும்.
பக்கம் மாறுவது எனக்குப் புதிதில்லை.
இந்த ஓசார்க் மலையில் எல்லோரும்
இடப்பக்கம் உட்கார்ந்து வண்டி ஓட்ட,
நான் மட்டும் வலப்பக்கம்,
தபால் ஜீப்பில், பெட்டிகளுக்குக் கையெட்டும் தூரத்தில்.
ஆனால் வலக்கைக்காரருக்கு வார்த்த இரும்பு
வெடித்த கூட்டை வலப்பக்கம் துப்பும்.
இடது தோளில் வைத்தால் முகத்துக்குக் குறுக்கே பறக்கும்.
எனக்கு மிச்சமிருப்பது ஒரு கண்.

மூலையில், தூண்டில் கம்புகளுக்குப் பின்னால்,
விலைச்சீட்டு வெளுத்துப்போன ஒற்றைக்குழல்.
இருபது கேஜ். நடுவில் மடங்கித் திறக்கும்.
சாணி நிறம், மினுக்கமே இல்லை.
குதிரை நடுவில் நிற்கிறது,
அதற்கு இடமும் தெரியாது வலமும் தெரியாது.

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்றார்.
கேஜில் எண் ஏறினால் வாய் சிறுக்கும்,
அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.
"நாற்பது கெஜத்துக்கு மேல நம்பாத."
நான் கேட்டது கேஜ், அவர் சொன்னது கெஜம்.
யோசித்தால் இரண்டும் ஒரே கேள்விதான்.

ஞாயிறு, சரளைக் குழியில்,
விதைப் பட்டியல்கள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
தலையும் கழுத்தும் வரைந்தேன்,
வான்கோழி என்று நான்தான் சொல்ல வேண்டும்.
இறுக்கமான சோக், பிறகு அதைவிட இறுக்கமானது.
ஒவ்வொரு துளையிலும் பேனா முனையை நுழைத்து
ரவைகளை எண்ணினேன்.
முப்பது கெஜத்தில் நூற்றுப் பதினாறு.
நாற்பதில் எழுபத்திரண்டு.
ஐம்பதில் இருபத்தொன்று, கழுத்தில் ஒன்றுமில்லை.
தோள் கன்றிப்போனது.
நல்லவேளை, பெட்டிகளைத் திறப்பது வலது கை.

திங்கள், விடியாத நேரம்.
ஓக் மரத்துக்கு முதுகு, முழங்காலுக்குக் குழல்.
மேட்டுக்கு அப்பால் அவன் கத்தினான்.
பலகைக் கல்லில் குச்சியை உரசிப்
பெட்டைக் குரல் கொடுத்தேன், இரண்டே முறை.
பிறகு சும்மா இருந்தேன். அதுதான் கஷ்டம்.

வந்தான், கறை உள்ள பக்கத்திலிருந்து.
முதலில் சருகு. பிறகு அந்த அடிவயிற்று முழக்கம்,
காதில் இல்லை, மார்பெலும்பில் கேட்பது.
இடது தோளில் இருக்கும் துப்பாக்கி
வலப்பக்கம் சுலபமாகத் திரும்பும்.
இதை எனக்கு யாருமே சொல்லவில்லை.
குதிரையைக் கட்டைவிரலால் இழுத்தேன்.
கிளிக்.
கழுத்து நீண்டது. சிவப்பு, வெள்ளை, நீலம்,
எல்லாம் விழுந்துகிடந்த சிக்கமோருக்கு அந்தப் புறம்.
அந்த மரம் வரை இருட்டிலேயே நடந்து எண்ணியிருந்தேன்:
நாற்பத்தாறு.

பழைய பன்னிரண்டாக இருந்தால் சுட்டிருப்பேன்.
அட்டையில் அந்த வெறும் கழுத்து.
குதிரையை மெல்ல இறக்கினேன்.
அவன் ஓடவில்லை. கடன் கொடுத்தவனைக் கண்டு
எதிர்ச்சாரிக்கு மாறுகிறவன் மாதிரிப் போனான்.

மறுநாள் வெல்டன் வாசலில்
மின்கட்டணச் சீட்டை நீட்டினேன்.
"ஆச்சா?"
"தோளுக்குச் சரியா இருக்கு."
"நான் கேட்டது அது இல்ல."
"தெரியும்" என்றேன்.
ஒரு கணம் இடது கண்ணை மூடிப் பார்த்தேன்.
மூக்கு இல்லாத மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.
இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.